நான்கு பாட்டில் தண்ணீரோடு வந்த ரத்னா

தி. நகருக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் காலிப் பையோடு வந்து கனத்த பையோடு திரும்புவார்கள். ரத்னா வரும்போதே கனத்த பையோடுதான் வருவாள். அவளுடைய வயர்கூடைக்குள் நான்கு பாட்டில் தண்ணீர் இருக்கும். பழைய ஸ்குவாஷ் பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருக்கும்: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கருப்பு. அது குடிக்கிற தண்ணீர் இல்லை. எதற்கு அந்தத் தண்ணீர் என்பது கோதண்டபாணிக்குத் தெரியவந்தது தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆடி மாதத்தில். அதற்குள் பதினோரு வருஷமாக அவள் அவரிடம் சோப்புத்தூள் வாங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் ஒரு மனிதர் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வியாபாரம் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும். அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

கோதண்டபாணி இருந்தது லாட் வியாபாரத்தில். கம்பெனி மூடிவிட்டது, ஏஜென்சி கைமாறிவிட்டது, அட்டைப்பெட்டி நனைந்துவிட்டது, பாக்கெட்டில் படத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஏதாவது ஒரு காரணத்தால் கடைக்குப் போக முடியாமல் நின்றுவிட்ட சரக்கை மொத்தமாக எடுத்துப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற தொழில் அது. முதலாளி உமர் ஃபாரூக் பாய். சரக்கைப் பிடிப்பது பாய், விற்பது கோதண்டபாணி. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் உஸ்மான் ரோடுப் பக்கத்து மண்டபங்கள் எல்லாம் ஈயடித்துக்கொண்டிருக்கும். பாதி வாடகைக்கு மூன்று நாள் கிடைக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில் சோப்புத்தூள் பாக்கெட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, நாதஸ்வரக்காரர்கள் உட்காருகிற இடத்தில் மைக்கை வைத்துக்கொண்டு கோதண்டபாணி விற்பார்.

விற்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு கைப்பிடித் தூள், ஒரு சொம்பு. சொம்பை இடுப்பு உயரத்திலிருந்து கவிழ்ப்பார். நுரை பக்கெட்டின் விளிம்பைத் தாண்டிப் பொங்கும். கூட்டம் வாயைப் பிளக்கும். ஜனங்கள் தூளை வாங்குவதில்லை, நுரையைத்தான் வாங்குகிறார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்றாம் நாள் மாலை கடையைக் கட்டும்போது எது மிஞ்சுகிறதோ அதில் கோதண்டபாணிக்குப் பங்கு. பாய் வகுத்த வழக்கம் அது. சம்பளத்துக்கு மேல் ஒரு மூட்டை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கே.கே. நகர் பஸ்ஸில் ஏறுவார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் கோதண்டபாணிக்குக் கோபம் வருவதில்லை, பெருமையாக இருக்கும். வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி, “விஜயா, அடுத்த ஆடி வரைக்கும் கவலை இல்ல,” என்பார். பதினோரு வருஷமாக அவர் வீட்டில் சோப்புத்தூளுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. இதைக் கேட்காதவர்கள் அந்தக் குடியிருப்பில் யாரும் இல்லை.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் அவரைத் தூங்கவிடாத ஒரு விஷயம் இருந்தது. அது அவர் மனைவி விஜயலக்ஷ்மியின் கை.

மூன்று வருஷத்துக்கு முன், சைதாப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்தை விட்டுக் கே.கே. நகருக்கு வந்த சில மாதங்களில் ஆரம்பித்தது. முதலில் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. பிறகு உள்ளங்கை வறண்டு, கோடு கோடாக வெடித்து, ரத்தம் கசிந்தது. மிளகாய்த்தூளைத் தொட்டால் துடித்துப்போவாள். புளி கரைக்க முடியாது. அசோக் நகரில் தோல் டாக்டர் ஒருவரிடம் காட்டினார்கள். களிம்பு கொடுத்தார், சோப்பை மாற்றிப் பாருங்கள் என்றார். கோதண்டபாணி மாற்றினார். குளிக்கிற சோப்பை. மூன்று தடவை மாற்றினார், கடைசியில் குழந்தைகளுக்குப் போடுகிற சோப்பே வாங்கிக்கொடுத்தார். கத்தரிக்காயை நிறுத்தினார்கள், கருவாட்டை நிறுத்தினார்கள், வடபழனியில் வேண்டுதல் வைத்தார்கள். கை ஆறவில்லை. அவளுக்கு அந்தக் கை ஆறிவிட்டால் போதும், வேறு எதுவும் கேட்பதில்லை என்று கோதண்டபாணி தினமும் சாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆடியில் பாய் பிடித்துக்கொண்டு வந்த சரக்கு, மூடிப்போன ஒரு கம்பெனியின் ‘வெண்முகில்’ சோப்புத்தூள். பாக்கெட்டில் ஒரே மேகம், ஒரே எழுத்து. ஒரு வகையில் நீலக்கோடு, இன்னொன்றில் பச்சைக்கோடு. அது ஒன்றுதான் வித்தியாசம். கிலோ ஏழு ரூபாய் என்று மைக்கில் சொன்னதும் மண்டபம் நிரம்பிவிட்டது.

முதல் நாள் காலை பத்து மணி இருக்கும். மேடைக்குப் பக்கத்துத் தூணடியில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, நான்கு பாட்டில்களை வரிசையாக வைத்து, பாட்டிலுக்கு இரண்டாக எட்டு பிளாஸ்டிக் குவளைகளில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பதைக் கோதண்டபாணி பார்த்தார். நாற்பதைத் தாண்டிய பெண். முழங்காலுக்கு ஏற்றிச் செருகிய புடவை, எண்ணெய் தேய்த்து இறுக்கி முடிந்த கொண்டை. காவலாளி அவளை எழுந்திருக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோதண்டபாணி மைக்கை வைத்துவிட்டு வந்தார்.

“இன்னாம்மா, தாகமா?”

“தாகம் எனுக்கில்ல ண்ணா, துணிக்கு. இந்த ரெண்டு வகையிலயும் ஒரொரு கரண்டி தூளு குடு.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கரண்டித் தூளில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கிழிந்த பாக்கெட்டுகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பக்கெட்டில்தான் நுரை பொங்குகிறதே, இவ்வளவு பேர் பார்க்கிறார்களே, தனியாக வேறு பார்க்க வேண்டுமா என்றும் கேட்டுவைத்தார்.

“உன் பக்கெட்டுல கீறது லாரித் தண்ணி. அதுல மண்ணப் போட்டாலும் நொர வரும். நான் தொவைக்கிறது இந்தத் தண்ணியில,” என்றாள் ரத்னா, பாட்டில்களைக் காட்டி.

சிவப்பு நூல் கோபாலபுரத்துக் குழாய்த் தண்ணீர். மஞ்சள் மந்தைவெளி போர் தண்ணீர். வெள்ளை நந்தனத்துக் கிணறு. கருப்பு அடையாறில் கடலுக்குக் கிட்டே இருக்கிற ஒரு வீட்டுத் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு. ஏழு வீடுகளில் அவள் துணி துவைத்தாள். ஏழு வீட்டிலும் ஓடுகிற தண்ணீர் இந்த நான்கு ரகத்துக்குள் அடங்கிவிடும். ஒரு தண்ணீரில் பூவாகப் பொங்குகிற தூள் இன்னொன்றில் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதக்கும். சில தூள் இரண்டு அலசலில் போய்விடும். சிலது ஐந்து அலசினாலும் வழவழப்பு விடாது. லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற ஊரில் மூன்று அலசல் அதிகம் என்றால் மூன்று பக்கெட் தண்ணீர். தூள் மலிவு என்று வாங்கித் தண்ணீரைக் கொட்டுகிறவர்களை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும். இதையெல்லாம் அவள் விளக்கம் போலச் சொல்லவில்லை. வேலை செய்துகொண்டே, போகிற போக்கில் சொன்னாள்.

கோதண்டபாணி மைக்கை மறந்து நின்றுவிட்டார். அவள் நான்கு குவளைகளில் நீலக்கோட்டுத் தூளையும் நான்கில் பச்சைக்கோட்டுத் தூளையும் போட்டுக் கலக்கினாள். பிறகு கலக்குவதை நிறுத்தி, அடியில் என்ன தங்குகிறது என்று பார்த்தாள். பச்சைக்கோட்டுத் தூள் போட்ட குவளைகளின் அடியில் வெள்ளையாக மணல் போல ஒரு விரற்கடை தங்கியது. அதைத் தொட்டுக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்துச் சுண்ணாம்புக்கல் பொடி என்றாள். கூடையிலிருந்து பழைய வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து நனைத்துப் பிழிந்து, வெறும் தண்ணீரில் அலசி, விரலால் தடவி, மறுபடி அலசினாள். வாய் முணுமுணுப்பாக எண்ணியது. கடைசியாகப் புடவை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள்பொடி இருந்தது.

ஒரு சிட்டிகை மஞ்சளை நீலக்கோட்டுக் குவளை ஒன்றில் போட்டாள். தண்ணீர் லேசாகச் சிவந்து காவி நிறத்துக்கு வந்து நின்றது. பச்சைக்கோட்டில் போட்டாள். விழுந்த நொடியில் தண்ணீர் ஆரத்தித் தட்டாக மாறியது. அப்படி ஒரு ரத்தச் சிவப்பு. அதே மண்டபத்தில் எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ ஆரத்தி சுற்றியிருப்பார்கள், அந்த மேடைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு ஆரத்தியைப் பார்ப்போம் என்று கோதண்டபாணி கனவிலும் நினைத்ததில்லை.

“நீலம் எடுக்கலாம்,” என்றாள் ரத்னா. “கோபாலபுரத்துக்கு ரெண்டு தண்ணி போதும், மந்தவெளிக்கு மூணு. பச்ச வேணாம். கம்பெனி மூடப் போற நேரத்துல போட்ட சரக்கு அது. தூளு கம்மி, சோடாவ அள்ளிக் கொட்டிக்கிறான். தரை கழுவு, கேட்டு கழுவு. கையால தொடாத.”

அவள் சொன்னது அவரிடம் அல்ல. அவருக்குப் பின்னால் பதினைந்து பெண்கள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் என்றுதான் இத்தனை வருஷமாக அவர் அவர்களைப் பற்றி நினைத்திருந்தார். அவர்கள் தயங்கவில்லை, தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். எல்லாரும் நேராக நீலக்கோட்டு மலைக்குப் போனார்கள்.

கோதண்டபாணி மெதுவாகத் தன் கணக்குப் பையைத் திறந்து சரக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தார். நீலம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. பச்சை, கம்பெனி மூடிய மாதத்துச் சரக்கு. பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் ஒரு சிட்டிகை மஞ்சளில் அதைப் படித்துவிட்டாள். அந்தச் சீட்டு பத்து நாளாக அவர் பையில் கிடந்தது.

மறுநாள் ரத்னா தன் குடிசைப் பகுதிப் பெண்களுக்காக இன்னும் இருபது கிலோ நீலம் வாங்க வந்தாள். கோதண்டபாணி அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தார். அப்படி யாருக்கும் அவர் டீ வாங்கிக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. பாய்கூட ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

ரத்னா அடையாற்றுக் கரைக் குடிசையில் பிறந்து, அதே கரையில் பத்து வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். கணவன் சுவருக்கு வெள்ளையடிக்கிறவன். கல்யாணமாகி அடுத்த வருஷமே அவள் துணி துவைக்கப் போனாள். கோபாலபுரத்தில் ஒரு பங்களா, பக்கத்தில் இரண்டு வீடு. அங்கே கொடுத்த மலிவுத் தூளில் ஆறு மாதம் துவைத்ததில் கை வெந்துபோயிற்று. பிறந்து ஒரு வருஷம் ஆன பெண் குழந்தை அவள் கை கன்னத்தில் பட்டால் வீறிட்டு அழும், சொரசொரப்பு தாங்காமல். அம்மா கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நான்கு மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று வீடு கையை விட்டுப் போயிற்று.

அந்த நான்கு மாதத்தில்தான் அவளுக்கு மஞ்சள் ரகசியம் பிடிபட்டது. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவளைச் சுண்ணாம்புக் கையோடு புருஷன் தொட்டால், தொட்ட இடம் சிவக்கும். துவைக்கிற தண்ணீர் பட்டாலும் அதே போலச் சிவந்தது அவளுக்கு நினைவு வந்தது. புருஷன் கையைச் சுண்ணாம்பு தின்கிறது, தன் கையைத் தூள் தின்கிறது, இரண்டும் மஞ்சளைச் சிவக்கவைக்கிறது. அப்படியானால் எது அதிகம் சிவக்கவைக்கிறதோ அது அதிகம் தின்னும். இவ்வளவுதான் அவள் கணக்கு. யாரும் சொல்லித்தரவில்லை. குடிசை வாசலில், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அவளாக யோசித்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் கண்ணாடிக் குழாயில் கண்டுபிடிப்பதை அவள் ஓட்டை டம்ளரில் கண்டுபிடித்தாள் என்று நினைத்தபோது கோதண்டபாணிக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

கை ஆறியதும் ஒரே ஒரு நிபந்தனையோடு வேலை கேட்டாள். தூள் அவள்தான் கொண்டுவருவாள், வீட்டுக்காரர்கள் அதற்குண்டான காசைக் கொடுத்துவிட வேண்டும். மந்தைவெளியில் ஒரு பாட்டு டீச்சர் வீட்டில் இதற்குப் பெரிய ரகளை. எங்காத்துல இருக்கற பவுடருக்கு என்ன குறைச்சல் என்று அந்த மாமி கேட்டாராம். ரத்னா அவர்கள் தூளையும் தன் தூளையும் இரண்டு குவளையில் கரைத்து மஞ்சளைப் போட்டுக் காட்டிவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் காலை மாமியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அந்த வீட்டில் பதினெட்டு வருஷமாகத் துவைக்கிறாள். எந்த வீட்டிலும் தூளின் விலையில் நாலணா கூட்டிச் சொன்னதில்லை. அதனால்தான் இப்படி லாட் சரக்கைத் தேடி அலைவதும். நல்ல தூள் கடையில் வாங்கினால் வீட்டுக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது, கெட்ட தூள் வாங்கினால் தன் கைக்குக் கட்டுப்படியாகாது.

டீ டம்ளரை வைக்க அவள் கையை நீட்டினாள். அப்போதுதான் கோதண்டபாணி அந்தக் கையைச் சரியாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ஏழு வீட்டுத் துணியைக் கல்லில் அடித்த கை. உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது, வெடிப்பு இல்லை. விரல் நுனிகள் வழவழவென்று முழுசாக இருந்தன. நகங்கள் நகங்களாக இருந்தன. வீட்டில் இரண்டு பேர் துணியை மட்டும் துவைக்கிற விஜயாவின் கை அவர் கண் முன்னால் வந்தது.

இதற்கு முன்னாலும் இங்கே வாங்க வந்திருக்கிறாளா என்று கேட்டார்.

“வருசா வருசம் வரேன் ண்ணா. நீ மைக்குல கூவிக்கினு இருப்ப, நான் பின்னாடி தூணாண்ட குந்திக்கினு பாத்துட்டுப் போவேன். போன வருசம் எலுமிச்ச வாசன அடிச்சுதே, அத்த வேணாம்னேன். அதுக்கு முந்தி ரோஸ் கலர்ல ஒண்ணு கொண்டாந்த, அது படு மோசம். அதுக்கும் முந்தின வருசம் ரெண்டு கொண்டாந்த, மயில் படம் போட்டது எடுத்தோம், இன்னொண்ணு எடுக்கல.”

எலுமிச்சை வாசனை. ரோஸ் கலர். மயில் படம் போடாதது. மூன்றையும் கோதண்டபாணிக்கு நன்றாகத் தெரியும். மூன்றையும் தோளில் சுமந்து கே.கே. நகர் மாடிப்படியில் ஏற்றியவர் அவர்தான். விற்காமல் மிஞ்சியது தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு. அது ஏன் மிஞ்சியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்தப் பெண் தன் கையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாம் என்று ஒதுக்கியதை, பதினைந்து பெண்கள் அவள் பேச்சைக் கேட்டு ஒதுக்கியதை, ஊரே ஒதுக்கியதைப் பொறுக்கி எடுத்து வருஷா வருஷம் தன் பெண்டாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சைதாப்பேட்டையில் இருந்தவரை நல்ல குழாய்த் தண்ணீர், ஒரு கரண்டியோடு போயிற்று. கே.கே. நகர் போர் தண்ணீரில் நுரை வரவில்லை என்று விஜயா சொன்னபோது, “சும்மாதானே வருது, இன்னொரு பிடி போடு,” என்று சொன்னதும் அவர்தான்.

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் பந்தி பரிமாறும் கூடத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மைக்கில் யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் விஜயாவைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று வழியில் சொல்லவில்லை. ரத்னாவைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். அவள் மந்தைவெளி வீட்டு வேலையை முடித்துவிட்டு, ஈரப் புடவையோடு நேராக வந்திருந்தாள். நீலக்கோடு முதல் நாளே தீர்ந்து, பாய் கிடங்கிலிருந்து மிச்சத்தை வரவழைத்து அடுக்கியிருந்தார். பச்சைக்கோட்டு மலை வைத்தது வைத்தபடி இருந்தது.

விஜயா கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். வெளியே போனால் அப்படித்தான் வைத்துக்கொள்வாள். ரத்னா எதுவும் கேட்காமல் முந்தானையை விலக்கி இரண்டு கையையும் எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். வெடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா வூட்டுக்குப் போனா ஆறுதாம்மா?”

“ஆறும்,” என்றாள் விஜயா. “திண்டிவனத்துல பத்து நாள் இருந்தா போதும், புதுத் தோல் வந்துடும். திரும்பி வந்த மூணாம் நாள் வெடிக்கும்.”

ரத்னா தலையை ஆட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கோதண்டபாணியை நிமிர்ந்து பார்த்தாள், ஆனால் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு தெரிந்தவளுக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் தெரிந்திருந்தது. நான்கு மாதம் சோப்புத் தண்ணீர் அந்தக் கையில் படக் கூடாது, தினமும் படுக்கும்முன் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், துணியை வீட்டில் வேறு யாராவது துவைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். வேறு யாராவது என்று சொல்லும்போது அவள் பார்வை கோதண்டபாணியின் கைகளில் இருந்தது. அவர் சரி என்றார்.

கோதண்டபாணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவர் அங்கேயே, மணமேடைப் படியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். எல்லாம் நான் கொண்டுவந்த தூள்தான், இவர்கள் எல்லாம் வேண்டாம் என்று விட்டுப்போனதைத்தான் உனக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன், எனக்குத் தெரியாது விஜயா என்றார்.

“எனக்குத் தெரியும்,” என்றாள் விஜயா.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“ரெண்டு வருசமாத் தெரியும். அம்மா வீட்டுல வேற தூள்ல தொவைச்சா ஒண்ணும் ஆகல. நம்ம தூள்தான்னு எனக்கே புரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? வேற மூட்டை தூக்கினு வந்திருப்பீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று யாருக்கோ வழி சொல்வது போலச் சொன்னாள். அதுதான் அவரை அடியோடு சாய்த்தது. ஏனென்றால் அது உண்மை. வேறு மூட்டைதான் தூக்கிக்கொண்டு வந்திருப்பார், இன்னும் பெருமையாக, இன்னும் அகலமாகச் சிரித்துக்கொண்டு. அவள் அந்தச் சிரிப்பை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, வெடித்த கையோடு அவருடைய வெள்ளைச் சட்டைகளைத் துவைத்திருக்கிறாள். ஒருத்தி தன் கையை விட்டுக்கொடுக்காமல் இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்திருக்கிறாள். இன்னொருத்தி அதை விட்டுக்கொடுத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவரில் யாரைப் பார்த்து அதிகம் மலைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தானோ நுரையை விற்றுக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் தெரிந்தது.

மண்டபத்தில் கூட்டம் இருந்தது. பாய் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூணடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். கோதண்டபாணி எதையும் பார்க்காமல் படியிலிருந்து இறங்கி, ரத்னாவின் மடியிலிருந்து விஜயாவின் வலது கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். கல்யாண மண்டபத்தில், மேடைக்கு முன்னால், நாலு பேர் பார்க்க அவர் அந்தக் கையைப் பிடித்தது அது இரண்டாவது முறை.

“மெதுவா,” என்றாள் விஜயா. “வலிக்குது.”